எச்சில் ஊறாத வாய்: ஒரு கல்லீரல் வைரஸின் பக்கத்துக் கதை

இந்த எபிசோட் எச்சில் பத்தி. "சாப்பிடுற நேரத்துல இதையா கேக்கணும்"னு ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. கல்லீரல்ல குடியிருக்கிற ஒரு வைரஸ் வாய்க்குள்ள இருக்கிற எச்சில் சுரப்பியை என்ன பண்ணுது, டாக்டர்கள் அதை எப்போ கவனிச்சாங்க, அதுவரைக்கும் ஏன் கவனிக்கல, இதோட வரலாறுதான் இன்னைக்கு. கதை லண்டன், ஸ்வீடன், பிரான்ஸ், ஜப்பான்னு சுத்தும். நடுவுல சென்னை தரமணிக்கும் வரும். ஆனா நான் இதைப் படிக்க ஆரம்பிச்சது எங்க ஊரை மனசுல வச்சுத்தான்: கள்ளக்குறிச்சி, அதுக்கு மேற்கே நிக்கிற கல்வராயன் மலை.

தினமும் ஒரு லிட்டர்

நல்லா இருக்கிற ஒரு ஆளோட வாயில ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் உமிழ்நீர் சுரக்குது. பெரும்பகுதி மூணு ஜோடி பெரிய சுரப்பிகள்ல இருந்து வருது. காதுக்கு முன்னாடி கன்னத்துல ஒரு ஜோடி, பரோடிட்னு பேர். பொன்னுக்கு வீங்கி வந்தா கன்னம் புடைச்சுக்கிட்டு நிக்குமே, அப்போ வீங்குறது அதுதான். தாடைக்குக் கீழ ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில ஒரு ஜோடி. இது போக உதட்டோட உள்பக்கம், கன்னத்துக்குள்ள, அண்ணத்துலன்னு நூத்துக்கணக்குல குட்டிச் சுரப்பிகள். நாக்கு நுனியால கீழுதட்டோட உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க, மணல் மணலா ஏதோ தட்டுப்படும். அந்த மணலை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

இந்தத் தண்ணி ஓடுற வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்கிறதே நமக்குத் தெரியாது. ஐ.டி.யில வேலை பார்க்கிறவங்களுக்கு இது புரியும், சர்வர் விழுந்தாத்தான் சர்வர்னு ஒண்ணு இருக்கிறது மேனேஜருக்கு ஞாபகம் வரும். எச்சில் குறைஞ்சா பல்லோட வேர் ஓரமா சொத்தை விழும். நாக்குல பூஞ்சை படியும். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து தண்ணி குடிக்கணும். எங்க பக்கம் கேழ்வரகுக் களி சாப்பிடுவோம், மலை மேல சாமைச் சோறு. களியை யாரும் மெல்றதில்ல, உருட்டிக் குழம்புல தொட்டு விழுங்குறதுதான். வாய் காஞ்சவங்களுக்கு அந்த உருண்டை தொண்டையில நிக்கும். அவங்க அதை "வயசாயிடுச்சு"ன்னு சொல்லிட்டு, களியைக் கரைச்சுக் கூழாக் குடிச்சிட்டுப் போயிடுவாங்க. நோய் அங்கயே மறைஞ்சிடும்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். வாய் காயுறதுக்குக் காரணம் நிறைய இருக்கு. சர்க்கரை நோய், சளி மாத்திரை, மன அழுத்தத்துக்குப் போடுற சில மாத்திரைகள், கழுத்துல கதிர்வீச்சு சிகிச்சை, ரெண்டு நாள் ஒழுங்கா தண்ணி குடிக்காதது. இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாரும் பயப்பட வேணாம். நாம பார்க்கப் போறது அந்தக் காரணங்கள்ல ஒண்ணு. வைத்தியம் இருக்கிற ஒண்ணு, அதனாலதான் தவற விடக் கூடாது.

1888

வாய் வறட்சி மருத்துவப் பத்திரிகைக்குள்ள நுழைஞ்சது 1888 வாக்குல. லண்டன்ல ஹாடன்னு ஒரு டாக்டர், வாயே ஈரமாகாத ஒரு வயசான அம்மாவைப் பத்தி மருத்துவ சங்கத்துல பேசினார். அவர் கொடுத்த மருந்து ஜபொராண்டிங்கிற பிரேசில் நாட்டுச் செடியோட சாறு. அந்தச் செடியில இருக்கிற பைலோகார்பின்ங்கிற பொருள்தான் இன்னைக்கும் வாய் வறட்சிக்கு மாத்திரையா வருது. அமெரிக்காவுல அதுக்கு முறையான அனுமதி கிடைச்சது 1990கள்ல. நூறு வருஷம் பழைய கோடு இன்னும் புரொடக்‌ஷன்ல ஓடுதுன்னு வச்சுக்கோங்க.

அதே 1888-ல கோனிக்ஸ்பெர்க்ல மிகுலிச்ங்கிற அறுவை சிகிச்சை நிபுணர், ரெண்டு கன்னமும் கண்ணீர்ச் சுரப்பியும் வீங்கின ஒரு விவசாயியைப் பத்திச் சொன்னார். ரெண்டு பேரும் பார்த்தது சுரப்பியை. அந்த உடம்புல வேற எங்க என்ன நடக்குதுன்னு யாரும் கேக்கல.

அதைக் கேட்டவர் ஒரு கண் டாக்டர்ங்கிறது எனக்குப் பிடிச்ச விஷயம். ஸ்வீடன்காரர், ஹென்ரிக் ஷோக்ரன். கண்ணு காயுது, வாய் காயுது, மூட்டும் வலிக்குதுன்னு ஒரு பெண்மணி 1930 வாக்குல அவர்கிட்ட வந்தாங்க. கண் டாக்டர் கண்ணை மட்டும் பார்த்துட்டு அனுப்பியிருக்கலாம். இவர் அதே மாதிரி 19 பெண்களைச் சேர்த்து 1933-ல முனைவர் ஆய்வேடு எழுதினார். இது கண்ணுல மட்டும் இருக்கிற நோய் இல்ல, உடம்பு முழுக்கப் பரவின ஒண்ணுன்னு சொன்னார். தேர்வாளர்களுக்கு அது பெருசாப் படல. பல்கலைக்கழகத்துல பாடம் எடுக்குற தகுதிக்கு வேண்டிய மதிப்பெண் அந்த ஆய்வேட்டுக்குக் கிடைக்கல. பத்து வருஷம் கழிச்சு, 1943-ல, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு கண் டாக்டர் அதை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த பிறகுதான் உலகம் படிச்சுது. இன்னைக்கு அந்த நோய்க்குப் பேரே ஷோக்ரன் நோய். நம்ம நோய் எதிர்ப்புப் படையே வழி தவறி, உமிழ்நீர்ச் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்குற நோய்.

இதுவரைக்கும் கல்லீரல் கதைக்குள்ள வரவே இல்ல. அது தனி ரோட்டுல வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த ரோடு நம்ம ஊர் வழியாத்தான் போகுது.

கீழாநெல்லியும் ஒரு நோபல் பரிசும்

மழை விட்டா வரப்புல, வாசல் ஓரத்துல முளைச்சு நிக்கிற செடி கீழாநெல்லி. இலைக்கு அடியில வரிசையாக் காய் தொங்கும், அதனாலதான் அந்தப் பேர். கள்ளக்குறிச்சிப் பக்கம் மஞ்சள் காமாலைன்னா முதல்ல இதுதான். வேரோட பிடுங்கி, அரைச்சு, மோர்ல கலக்கி, காலையில வெறும் வயித்துல. கல்வராயன் மலைக்கு மேல இது இன்னும் உறுதி, ஏன்னா கீழ இறங்கி வர்றதே ஒரு நாள் வேலையா இருந்துச்சு. சொல்லணும்னா, அந்த மலை ஜாகீர்தார்கள் பிடியில இருந்து முழுசா அரசாங்கக் கைக்கு வந்ததே 1976-ல. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சு. ரோடும் ஆஸ்பத்திரியும் அதுக்கும் அப்புறம். செடியை நம்பினவங்களைக் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கு?

அதே 1976-ல பாரூக் பிளம்பர்க்ங்கிற அமெரிக்கருக்கு நோபல் பரிசு. ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருத்தரோட ரத்தத்துல 1963-ல அவர் பார்த்த ஒரு விநோதப் புரதம், பின்னாடி ஹெபடைடிஸ் பி வைரஸோட மேலுறைன்னு தெரிய வந்துச்சு. தடுப்பூசிக்கும் அதுதான் அடிப்படை. அந்த பிளம்பர்க்கும் கீழாநெல்லியும் சந்திச்ச இடம் சென்னை. தரமணியில இருக்கிற சென்னைப் பல்கலைக்கழகத்தோட டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்துல எஸ்.பி. தியாகராஜன் (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்) ஒரு சோதனை நடத்தினார். ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்புல சுமந்துக்கிட்டு இருந்தவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லி. 37 பேர்ல 22 பேரோட ரத்தத்துல வைரஸோட மேலுறைப் புரதம் காணாமப் போச்சு. வெறும் டம்மி மருந்து சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் அப்படி. 1988 அக்டோபர்ல லான்செட் இதழ்ல வந்துச்சு, பிளம்பர்க்கும் அந்தக் கட்டுரையோட ஆசிரியர்கள்ல ஒருத்தர்.

நம்ம வாசல் செடி லான்செட்ல. கேக்கும்போது எனக்கே சிலிர்க்குது. ஆனா அடுத்த பக்கத்தையும் படிச்சாகணும். 1990-ல தாய்லாந்துல செஞ்சு பார்த்தாங்க, வேலை செய்யல. நியூசிலாந்து, சீனா, அங்கயும் அந்த முடிவு திரும்ப வரல. 2011-ல எல்லாச் சோதனைகளையும் சேர்த்து அலசின காக்ரேன் ஆய்வு, நம்பும்படியான ஆதாரம் இல்லைன்னு முடிச்சிடுச்சு. இதுல சதி எதுவும் இல்ல. ஒரு சின்னச் சோதனை நல்ல முடிவு காட்டும், பெருசாச் செஞ்சா அது கரையும். எந்த நாட்டு மருந்துக்கும் எந்தச் செடிக்கும் நடக்கிறதுதான்.

அப்போ ஊர்ல கீழாநெல்லி சாப்பிட்டவங்களுக்கு எப்படிக் காமாலை சரியாச்சு? காமாலைங்கிறது ஒரே சொல், ஆனா அதுக்குள்ள அஞ்சு வைரஸ் இருக்கு. ஏ-வும் ஈ-யும் கெட்டுப்போன தண்ணியில, சாப்பாட்டுல வரும். கண்ணு மஞ்சளாகும், வாந்தி வரும், பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானாவே போயிடும். நடுவுல யார் எதைக் குடிச்சாலும் பேர் அதுக்குப் போய்ச் சேரும். பி-யும் சி-யும் ரத்தம் வழியா வரும், டி-க்கு பி-யோட துணை வேணும். இதுல சி ரொம்ப அமைதியான ஆள். நிறைய பேருக்குக் கண்ணு மஞ்சளாகிறதே இல்ல. தொத்தினவங்கள்ல பாதிக்கும் மேலானவங்க உடம்புல அது வருஷக்கணக்கா தங்கிடும். இருபது, முப்பது வருஷம் கழிச்சு கல்லீரல் சுருங்கின பிறகுதான் விஷயம் வெளிய வரும். மஞ்சளைத் தேடுற கண்ணுக்கு சி தெரியவே தெரியாது.

தரமணிச் சோதனை அச்சாகும்போது உலகத்துல யாருக்கும் ஹெபடைடிஸ் சி-ன்னு ஒண்ணு கையில இல்ல. 1970கள்ல இருந்து 'ஏ-யும் இல்ல பி-யும் இல்ல'ங்கிற ரகம்னுதான் அதுக்குப் பேர். கோடு எழுதுறவங்க "அதர் எர்ரர்"னு ஒரு டப்பா வச்சிருப்போமே, அந்த மாதிரி. அடுத்த வருஷம், 1989-ல, மைக்கேல் ஹாட்டனும் கூட்டாளிகளும் அமெரிக்காவுல அந்த வைரஸோட மரபணுத் துண்டைப் பிடிச்சாங்க. அதுக்கான நோபல் 2020-ல வந்துச்சு. பிடிச்ச உடனே ரத்தப் பரிசோதனை வந்துச்சு. பரிசோதனை வந்ததும், யார் யாருக்கு சி இருக்குன்னு முதல் தடவையா தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் அவங்க வாயை யாரோ பார்த்தாங்க.

உதட்டுக்குள்ள கிடைச்ச சாட்சி

அந்த மணலை ஞாபகம் இருக்கா? கீழுதட்டோட உள்பக்கத்துல மரத்துப்போக ஒரு ஊசி, சின்னதா ஒரு கீறல், நாலஞ்சு குட்டிச் சுரப்பிகளை எடுத்து மைக்ரோஸ்கோப்புல பார்ப்பாங்க. ஷோக்ரன் நோயை உறுதி செய்யுற முறை அது. 4 சதுர மில்லிமீட்டர் இடத்துல குறைஞ்சது 50 வெள்ளணுக்கள் ஒரே இடத்துல கும்பலாக் கூடியிருந்தா, அது கணக்கு.

1992-ல பிரான்ஸ்ல கல்லீரல் டாக்டர்கள் ஒரு குழு, இந்தச் சோதனையைத் தங்களோட நோயாளிகளுக்குச் செஞ்சாங்க. வாய் டாக்டர்கள் இல்ல, மூட்டு டாக்டர்கள் இல்ல, கல்லீரல் டாக்டர்கள். நாள்பட்ட ஹெபடைடிஸ் சி இருக்கிற 28 பேர். அதுல 16 பேரோட உதட்டுச் சுரப்பியில வெள்ளணுக் கும்பல், ஷோக்ரன் நோய்ல பார்க்கிற மாதிரியே. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த 20 பேர்ல ஒருத்தர்கிட்ட மட்டும். 57 சதவீதம், 5 சதவீதம். இதுவும் லான்செட்லதான் வந்துச்சு. ஷோக்ரன் கண்ணுல இருந்து வாய்க்கு வந்தார், இவங்க கல்லீரல்ல இருந்து வாய்க்கு வந்தாங்க.

அப்புறம் பல நாடுகள்ல பல குழுக்கள் பார்த்தாங்க. வித்தியாசங்கள் மெல்ல மெல்லத் தெரிஞ்சுது. ஷோக்ரன் நோய்ல வெள்ளணுக்கள் எச்சில் வர்ற குழாயைச் சுத்திக்கிட்டு அதைச் சிதைக்கும். சி-யில அது கொஞ்சம் மிதமா, குட்டி ரத்தக்குழாய்களைச் சுத்தி இருக்கிறது அதிகம். ஷோக்ரன்ல ரத்தத்துல காணப்படுற குறிப்பிட்ட எதிர்ப்புப் புரதங்கள் சி-யில பெரும்பாலும் இல்ல. அதுக்குப் பதிலா குளிர்ல உறையுற ஒரு வகைப் புரதம் நிறைய பேருக்கு இருக்கும், அதனால கால்ல ஊதாப் புள்ளிகள்கூட வரலாம். சிலருக்கு, எண்ணிக்கை குறைவுதான், வெள்ளணுப் புற்றுநோய் வரைக்கும் போகுது. வாய் காயுறது சின்ன விஷயம்னு தள்ளிட முடியாத இடம் இதுதான்.

எப்படி நடக்குது? 1997-ல ஜப்பான்ல ஒரு எலி வந்துச்சு. ஹெபடைடிஸ் சி-யோட மேலுறை மரபணுவை மட்டும் எலிக்குள்ள வச்சாங்க. அந்த எலியோட எச்சில் சுரப்பியில ஷோக்ரன் மாதிரியே அழற்சி. 2001-ல ஸ்பெயின்ல மனுஷனோட சுரப்பிச் செல்லுக்குள்ளயே வைரஸோட ஆர்.என்.ஏ. இருக்கிறதைப் பார்த்தாங்க. ஆக வைரஸ் நேரா சுரப்பிக்குள்ள போகுதுங்கிறது ஒரு பக்கம். நோய் எதிர்ப்புப் படையை வருஷக்கணக்கா சீண்டிச் சீண்டி, அது எல்லா இடத்துலயும் கை வைக்குதுங்கிறது இன்னொரு பக்கம். ரெண்டும் சேர்ந்து நடக்கலாம். "பி வைரஸும் இப்படியா?"ன்னு கேக்கலாம். அவ்வளவு இல்ல. ஸ்பெயின்ல ஷோக்ரன் நோயாளிகளைப் பெரிய எண்ணிக்கையில பார்த்தப்போ, சுமார் 13 சதவீதம் பேருக்கு சி இருந்துச்சு. பி ஒரு சதவீதத்துக்கும் கீழ.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு வேடிக்கை. 2002-ல ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர்கள் உட்கார்ந்து ஷோக்ரன் நோய்க்கு ஒரு விதிமுறை எழுதினாங்க. அதுல ஹெபடைடிஸ் சி இருந்தா இது ஷோக்ரன் நோய்க் கணக்குல வராதுன்னு போட்டுட்டாங்க. ஆராய்ச்சிக்கு அது சரி; ரெண்டு வேற காரணத்தை ஒண்ணாக் கலக்கக் கூடாது. 2016-ல அந்த விதியைத் திருத்தி, வைரஸ் இப்போ உயிரோட இருக்குன்னு பி.சி.ஆர். சோதனையில தெரிஞ்சாத்தான் விலக்குன்னு மாத்தினாங்க. ஆனா நோயாளி பக்கத்துல இருந்து பாருங்க. வாய் காயுதுன்னு போறார், சோதிக்கிறாங்க, "உனக்கு ஷோக்ரன் இல்ல"ன்னு சொல்றாங்க. வாய் மட்டும் இன்னும் காயுது. நல்ல டாக்டர் அங்கிருந்து கல்லீரலுக்கு அனுப்புவார். விதிமுறை அனுப்பாது, விதிமுறைக்கு வரிசைதான் தெரியும்.

நம்ம ஊர்ல இதைவிட முன்னாடியே ஒரு இடத்துல கதை நின்னுடுது. வேலூர் சி.எம்.சி.யில ஷோக்ரன் நோயாளிகள் 332 பேரோட விவரங்களைத் தொகுத்து 2015-ல வெளியிட்டாங்க. சி.எம்.சி.க்கு நாடு முழுக்க இருந்து ஆட்கள் வருவாங்க, அதனால இது தமிழ்நாட்டுக் கணக்கு மட்டும் இல்ல. வைரஸ் இல்லாத ஷோக்ரன் நோயாளிகள்தான் இவங்க. ஆனா அதுல ஒரு எண் இந்த எபிசோடையே தாங்குது. முதல் தடவை டாக்டர் முன்னாடி உட்கார்ந்தப்போ, கண்ணோ வாயோ காயுதுன்னு தானா வாய் திறந்து சொன்னவங்க 8.3 சதவீதம். பன்னிரண்டு பேர்ல ஒருத்தர். அந்த நோய்க்கு அடையாளமே வறட்சிதான். மத்தவங்க மூட்டு வலி, அசதின்னு வந்தவங்க. கேட்டாத்தான் சொல்வாங்க. வறட்சிதான் நோய்னு இருக்கிறவங்களே சொல்லலைன்னா, கல்லீரலுக்காக வர்ற ஆள் வாயைப் பத்தித் தானா பேசுவாரா?

தனி டம்ளர்

இப்போ ஒரு கேள்வி உங்க மனசுல ஓடும். வைரஸ் எச்சில் சுரப்பியில இருக்குன்னா, எச்சில்லயும் இருக்குமா? இருக்கு, சில நோயாளிகளோட எச்சில்ல சி-யோட ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அப்போ எச்சில் பட்டா ஒட்டுமா? ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிடறது, ஒரே டம்ளர்ல குடிக்கிறது, கட்டிப்பிடிக்கிறது, முத்தம் இதனாலெல்லாம் ஹெபடைடிஸ் சி பரவுறதில்லைன்னு உலக சுகாதார நிறுவனம் தெளிவாச் சொல்லுது. அது ரத்தத்துக்கு ரத்தம் போற வைரஸ். ஊசி, சோதிக்காத ரத்தம், சரியா சுத்தம் செய்யாத கருவி, பச்சை குத்துற ஊசி, ஒருத்தர் பிளேடை இன்னொருத்தர் எடுக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. எச்சில்ங்கிறது நம்ம மொழியில வெறும் திரவம் இல்ல. வாய்க்குள்ள இருக்கிற வரைக்கும் உமிழ்நீர், வெளிய வந்தா தீட்டு. எங்க தெருவுல ஒருத்தருக்குக் காமாலைன்னு தெரிஞ்சதும் அவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு, திண்ணையில சாப்பாடு. எங்க ஆயாகிட்ட கேட்டேன். "அது எச்சில்ல ஒட்டிக்கும்டா, புள்ளைங்க இருக்கிற ஊடு"ன்னாங்க. ஆயா சொன்னது முழுத் தப்பும் இல்ல. ஏ வகைக் காமாலைன்னா பாத்திரம், கை, தண்ணி எல்லாத்துலயும் கவனம் வேணும். ஒரே சொல்லுக்குள்ள அஞ்சு வைரஸ் இருக்கிறதோட விலை இது. சி இருக்கிறவருக்கு அந்தத் தனி டம்ளர் எதையும் தடுக்கல, அவரை மட்டும் ஒதுக்கிடுச்சு. ஒதுக்கிடுவாங்கன்னு தெரிஞ்சா எவன் டெஸ்ட் எடுப்பான்?

இன்னொரு பூட்டு குடி. கள்ளக்குறிச்சின்னு சொன்னா இன்னைக்கு எல்லாருக்கும் 2024 ஜூன்தான் ஞாபகம் வரும். கருணாபுரம், மெத்தனால் கலந்த சாராயம், 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த வலியைப் பத்தி ஒரு வரியில பேசிட்டுப் போறது நியாயம் இல்ல, அது வேற எபிசோட். ஆனா அதுக்கு முன்னாடியே எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. கல்லீரல்ல கோளாறுன்னா "குடிச்சிருப்பான்". ஆம்பளைன்னா அதோட விசாரணை முடிஞ்சுது. பொம்பளைன்னா கல்லீரல்ங்கிற நினைப்பே வராது. ஒரு பிரசவத்துக்கு ஏத்தின ரத்தமோ, காய்ச்சலுக்கு எங்கயோ போட்ட ஊசியோ யாருக்கும் ஞாபகம் இருக்காது. இந்தியாவுல தானம் கொடுக்கிற ரத்தத்துல சி இருக்கான்னு பார்க்கிறது கட்டாயமானதே 2000-களோட தொடக்கத்துல. அதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்திக்கிட்டவங்க இன்னைக்கு நம்ம அப்பா அம்மா வயசு, அதுக்கும் மேல.

ஊசி என்ன செய்யும்ங்கிறதுக்கு எகிப்தைப் பாருங்க. 1950கள்ல இருந்து 80கள் வரைக்கும் நைல் நதிக்கரை கிராமங்கள்ல ஒட்டுண்ணிப் புழு நோய்க்கு அரசாங்கமே ஊர் ஊரா ஊசி போட்டுச்சு. நல்ல நோக்கம்தான். கண்ணாடி சிரிஞ்சைச் சரியா கொதிக்க வைக்காம அடுத்தவங்களுக்குப் போட்டாங்க. விளைவு, ஒரு காலத்துல உலகத்துலயே சி தொற்று அதிகமான நாடா எகிப்து இருந்துச்சு. "ஊசி போட்டாத்தான் காய்ச்சல் போகும்"னு நம்பின தலைமுறை நம்ம ஊர்லயும் உண்டு. டிஸ்போசபிள் சிரிஞ்ச் வர்றதுக்கு முன்னாடி அதே கண்ணாடி சிரிஞ்ச்தான், அதே அடுப்புதான்.

சரி, கண்டுபிடிச்சா என்ன பண்ணலாம்? பத்து வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இன்டர்ஃபெரான் ஊசி. ஆறு மாசம், ஒரு வருஷம், காய்ச்சலும் சோர்வுமா இருக்கும். கொடுமை என்னன்னா, அந்த ஊசியே சிலருக்கு வாயைக் காய வைக்கும். 2013 டிசம்பர்ல அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைச்சுது. 12 வாரத்துக்கு 84,000 டாலர், ஒரு மாத்திரை 1,000 டாலர். அடுத்த வருஷம் இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தாங்க, விலை தரைக்கு வந்துச்சு. கூட இன்னொரு மாத்திரை சேர்த்து 12 வாரம் சாப்பிட்டா, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு வைரஸ் மொத்தமாப் போயிடும். கட்டுப்படுத்துறது இல்ல, குணம். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப் போயிருந்தா சில பேருக்கு 24 வாரம். 2018 ஜூலை 28-ல தொடங்கின தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல சோதனையும் மாத்திரையும் இலவசம். ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினம், பிளம்பர்க்கோட பிறந்த நாள். காஞ்சுபோன சுரப்பி எல்லாருக்கும் பழையபடி திரும்பும்னு உறுதி கொடுக்க முடியாது. அதனாலதான் சீக்கிரம் பார்க்கணும்.

எங்க பக்கத்துல இருந்து பெரிய ஆஸ்பத்திரின்னா சேலம், இல்லாட்டி புதுச்சேரி ஜிப்மர். 2010-ல முண்டியம்பாக்கத்துல விழுப்புரம் மருத்துவக் கல்லூரி வந்துச்சு. 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு, 2022 ஜனவரியில சிறுவங்கூர்ல அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. வெள்ளிமலையில இருந்து இறங்கி வர்ற ஒருத்தருக்கு இப்போ தூரம் பாதிக்கும் கீழ. மிச்சம் இருக்கிற தூரம் அவர் என்ன சொல்றார், எதிர்ல இருக்கிறவர் என்ன கேக்கிறார்ங்கிறதுலதான்.

கேக்க வேண்டியது என்னன்னு அந்த 2002 விதிமுறையிலயே இருக்கு. ரத்தமும் வேணாம், ஸ்கேனும் வேணாம், மூணே கேள்வி. நம்ம பேச்சுல சொல்றேன், இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது நீங்களே கேட்டுடலாம். மூணு மாசத்துக்கு மேல தினமும் வாய் காயுதா? கன்னம் அப்பப்போ வீங்கி வீங்கி வத்துதா? களியோ இட்லியோ இறங்குறதுக்கு நடு நடுவுல தண்ணி குடிக்க வேண்டியிருக்கா? ஆமான்னா முதல்ல சர்க்கரையைப் பாருங்க, சாப்பிடுற மாத்திரைகளை டாக்டர்கிட்ட காட்டுங்க. கூடவே, பழைய காலத்துல ரத்தம் ஏத்தினதோ ஆபரேஷனோ இருந்தா, ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி டெஸ்ட் ஒண்ணு எழுதச் சொல்லுங்க. அதுல பாசிட்டிவ்னு வந்தா உடனே கலங்காதீங்க. வைரஸ் தானா போனவங்களுக்கும், குணமானவங்களுக்கும்கூட அது பாசிட்டிவாவே காட்டும். வைரஸ் இப்போ இருக்கா இல்லையான்னு சொல்றது அடுத்து எடுக்குற ஆர்.என்.ஏ. டெஸ்ட். ரெண்டையும் சேர்த்துக் கேளுங்க, முதல் டெஸ்ட்டோட பேப்பரை மடிச்சு வீட்டுல வச்சிடாதீங்க.